இடது முன்சக்கரம்

மூன்று வாரமாக
ஒருநாள் இழுக்கும், மறுநாள் இழுக்காது.

எஸ்கெலுக்குப் போகும் சரளைச் சாலையில்
நாற்பதாவது கிலோமீட்டர் வாக்கில்
பின்னால் யாரோ கயிறு போட்டதுபோல்
பிக்கப் கனக்கத் தொடங்கும்.
மிதித்தால் எஞ்சின் கத்தும், வேகம் வராது.
இறங்கிப் போய் இடது முன்சக்கரத்தின் நடுவில் துப்புவேன்.
சுர்ர்.

ரூஃபினோ அந்திலெயோவின் பட்டறைக்குள் நுழைந்தால்
ஒன்றும் அறியாத முகம்.
ஜாக்கியில் தூக்கி ஒற்றை விரலால் தள்ளினார்.
சுற்றிச் சுற்றி, தானாக ஓய்ந்தது.
"காய்ச்சல் அடிக்கும்போது கூட்டிக்கொண்டு வா, நெலிதா."

கைப்பிரேக்கை எடுக்காமல் ஓட்டுவது எம்ரிஸ்தான் என்றேன்.
சாப்பாட்டு மேசையில், அவன் பெண்டாட்டி முன்னால் சொன்னேன்.
கூடவே வேறு சிலதும்.
அவன் பதில் பேசவில்லை.
மறுநாள் தன் காசில் புது காலிப்பர் வாங்கி மாட்டினான்,
பின்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கிரீஸ் வைத்தான்,
நகத்திலிருந்து அந்தக் கறுப்பு இன்னும் போகவில்லை.
செவ்வாய்க்கிழமை மறுபடி சுர்ர்.
"கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை," என்றார் ரூஃபினோ,
என்னைப் பார்க்காமல்.

வியாழன் அவரே ஏறி உட்கார்ந்தார்.
மடியில் இரண்டு ஸ்பேனர், ஒரு மாத்தே குடுவை.
பின்னால் குதிரைமசால் கட்டுகள், எப்போதும்போல் பன்னிரண்டு.
நாற்பது போனது. ஐம்பது போனது.
வண்டி தண்ணீர்போல் ஓடியது.
பேச்சு தீர்ந்தது, மாத்தே ஆறியது.
கெட்டுப்போ, கெட்டுத் தொலை என்று
ஒரு வண்டியை நான் வேண்டிக்கொண்டது அன்றுதான்.

ஆற்றுச் சரிவில் ஏழு குவானாக்கோக்கள்
அவசரமில்லாமல் சாலையைக் கடந்தன.
அழுத்தி மிதித்தேன். நின்றது.
காலை எடுத்தேன்.
கால் வந்துவிட்டது, பிரேக் வரவில்லை.

"எதையும் தொடாதே!"
ரூஃபினோவின் குரலில் அப்படியொரு சந்தோஷம்.
கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தோம்.
ஜாக்கியோடு சேர்த்து வண்டியை ஆட்டியது ஜூலைக் காற்று.
முதலில் பானெட்டைத் திறந்து
மாஸ்டர் சிலிண்டரில் குழாயை அரைச்சுற்றுத் தளர்த்தினார்.
"சுற்று." சுற்றவில்லை.
இறுக்கினார். சக்கரத்தடியில் படுத்து
காலிப்பரின் நிப்பிளைத் திறந்தார்.
பீச்சியடித்தது, அவர் சட்டைக் கைமேல்.
"இப்போது?"
என் கையிலேயே சக்கரம் விட்டுக்கொடுத்தது.

மேலே திறந்தால் விடவில்லை, கீழே திறந்தால் விடுகிறது.
நடுவில் இருப்பது
இரும்புக்குழாய் கொஞ்சம்,
ஒரு முழம் ரப்பர்.

இரண்டாம் கியரில், பிரேக்கை அதிகம் கேட்காமல் திரும்பினோம்.
பட்டறையில் அந்த ஹோஸை நீளவாக்கில் கிழித்துக் காட்டினார்.
வெளியே ஒரு கீறல் இல்லை.
உள்ளே தோல் உரிந்து ஒரு சின்ன நாக்கு.
போகிற எண்ணெய்க்கு வழிவிடும்,
வருகிற எண்ணெயை மறிக்கும்.
"மிதிக்கிற காலுக்குப் பலம் இருக்கிறது,
திரும்புகிற எண்ணெய்க்கு ஏது?
நாக்கு எப்படிப் படுக்கிறதோ அன்றைய பாடு அப்படி.
வலதும் இதே வயசு. அதையும் மாற்றிவிடு."

மாற்றினேன்.
எம்ரிஸுக்குக் காலிப்பர் காசை
உறையில் போட்டு அவன் கோட்டுப்பையில் வைத்தேன்.
மேசையில் சொன்னது மேசையிலேயே கிடக்கிறது.

இன்னொன்று, பிறகுதான் உறைத்தது.
இந்த மூன்று வாரமும் திசோன், எங்கள் நாய்,
சில இரவுகள் சமையலறைக்குள் வராமல்
வண்டியின் இடது முன்சக்கரத்தோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தது.
சில இரவுகள் மட்டும்.
நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு,
இந்தப் பனியில் இதற்கென்ன பைத்தியமா என்று
திட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று இரவு போய் முகர்ந்தது.
கொஞ்ச நேரம் நின்றது.
உள்ளே வந்து அடுப்போரம் சுருண்டது.