மிகா இடம்

கோத்தகிரி, டானிங்டன் முக்கு.
பேக்கரிக்கு மேலே ஓர் அறை,
மூன்று மணி நேரத்துக்கு இருநூறு ரூபாய்.
வர்க்கி வேகும் வாசனைக்குத் தனிக் கட்டணம் இல்லை.

எட்டு வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம்,
முகம் பார்ப்பது இது இரண்டாம் முறை.
டெய்சி ராணி குன்னூரிலிருந்து முதல் பஸ்ஸில்.
இர்ஃபான் கூடலூரிலிருந்து, வழியில் ஒரு யானைக்காக
நாற்பது நிமிடம் நின்று.
யோகமலர் இங்கேயேதான்,
இலை ஃபேக்டரிக் கணக்கை அரைநாள் மூடிவைத்துவிட்டு.
பெள்ளிராஜ் வரவில்லை. வருவதாகவும் சொல்லவில்லை.

தமிழ் எழுதுகிறவர்களுக்குச்
சிவப்புக் கோடு போட்டுப் பிழை காட்டும் நிரல் எங்களுடையது.
இலவசம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம்.
பிரித்தவர்கள் பெரும்பாலும் திரும்பப் பூட்டுவதில்லை.

சுவரில் சார்ட். பதினொரு குழுக்கள்.
சொற்பட்டியல்: நான், டெய்சி.
சந்தி விதிகள்: நான்.
வெளியீடு: நான்.
பாதுகாப்பு: நான், பெள்ளிராஜ் (அதாவது, நான்).
புதியவர்களை வரவேற்கும் குழு: காலி.
ஆவணம்: ஆல்வின்.
ஆல்வின் கனடா போய் ஐந்து வருடம்.
பெயரை எடுத்தால் மனசு சங்கடப்படும் என்று விட்டுவைத்திருந்தோம்.
"யாருக்கு?" என்றாள் யோகமலர்.

மூன்று போதும் என்றான் இர்ஃபான்.
சொல். நிரல். ஆள்.
"மூணாவது எதுக்கு?"
"நாம இருக்கோம்ல, அதுக்கு."

ஜன்னலுக்கு வெளியே ஒரு சரிவு முழுக்க
முழங்கால் உயரக் குச்சிகள்.
நான் வாயைத் திறந்தேன்: "காவாத்து மாதிரிதானே..."
யோகமலர் பேனாவைக் கீழே வைத்தாள்.
"காவாத்து வெட்டுன செடியில மூணு மாசம் இலை கிடையாது.
அந்த மூணு மாசம் எங்கம்மா யார்கிட்ட
கடன் கேட்டு நின்னாங்கன்னு தெரிஞ்சா
உவமை சொல்லுங்க."

அதற்குப் பிறகு தேதிகள் மட்டும் பேசினோம்.
அடுத்த பதிப்பு மூன்று மாதம் தள்ளிப்போகும்.
அதுவரை வரும் வசவை யார் வாங்குவது?
அதற்கும் ஒரு முறை வைத்தோம்:
வாரத்துக்கு ஒருவர்.

பிறகு சாவிச்சொல்.
முப்பத்திரண்டு எழுத்து, என்னிடம் மட்டும்.
என் கல்யாணத்தன்றுகூட
மண்டபத்துப் பின்வாசலில் நின்றபடி
ஒரு பதிப்பை வெளியிட்டேன் என்று சொன்னேன்,
எப்போதும் சொல்லும் அதே சிரிப்போடு.
டெய்சி சிரிக்கவில்லை.
"அன்னைக்கு நான் சும்மாதான் இருந்தேன்.
கேட்டிருக்கலாம்."

ஒன்பது இடத்தில் என் பெயர்.
ஏழை அடித்தேன்.
எட்டாவதில் பேனா எழுதவில்லை என்றேன்.
இர்ஃபான் வேறு பேனா நீட்டினான்.

பத்து நாள் கழித்து, இரவு இரண்டேகால்.
எழுப்பியது போன் அல்ல, பழக்கம்.
தருமபுரியிலிருந்து ஒருவர்:
"என் பெயருக்கே கோடு விழுகிறது."
கீழே ஏற்கெனவே பதில் இருந்தது.
இந்த வாரத்து முறைக்காரி,
போன மாதம் சேர்ந்த ஏஞ்சலின்:
"நாளைக்குள் திருத்தி தருகிறேன்."

திருத்திக்கும் தருகிறேனுக்கும் நடுவே
ஒரு த் இல்லை.
என் திரையில் எங்கள் நிரலே
அதற்கடியில் கோடு போட்டிருந்தது.
விரல் தானாக அங்கே போய் நின்றது.
சந்தி விதிகள் இப்போது என் வேலை இல்லை.
வெளியே உறைபனி இறங்கும் நேரம்,
தண்ணீர்க் குழாய்கூடச் சத்தம் போடவில்லை.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
தூக்கம் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

காலையிலும் அந்த த் இல்லை.
மத்தியானம் யாரோ சேர்த்திருந்தார்கள்.
யார் என்று நான் பார்க்கவில்லை.

பார்த்தேன்.
பெள்ளிராஜ்.