பட்டியலில் இருப்பவர்கள்

பிப்ரவரி. ஐடஹோவில் பிளாக்ஃபுட்.
உருளைக்கிழங்கு ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
பூட்ஸைக்கூட இன்னும் கழற்றவில்லை.
கதவில் மூன்று தட்டு.
அந்தத் தட்டு எனக்குத் தெரியும்.
கடன்காரன் அப்படித் தட்டமாட்டான்,
பக்கத்து வீட்டு டார்லாவும் மாட்டாள்.
மறுபடி தட்டலாமா என்று
பாதியிலேயே யோசிக்கிற தட்டு.
இருபத்தோரு வயதில்
போர்ச்சுகலில், பதினெட்டு மாதம்,
பாவாடை நனைய நனைய
நானும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தேன்.

திறப்பதற்குள் கை தானாகப் போய்
காபிக் கோப்பையைத் துணியால் மூடியது.
சபையை விட்டுப் பதினோரு வருடம்.
கைக்கு யாரும் சொல்லவில்லை போல.

வாசலில் இரண்டு பேர்.
கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து:
மூப்பர் பிரிம்ஹால், மூப்பர் கவ்ஹாட்டா.
மூப்பர்களுக்கு மோவாயில் பரு.
இரண்டாமவன் நியூசிலாந்துக்காரன்;
பனியில் எப்படி நிற்பதென்று
அவன் கால்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"சகோதரர் லவெல் இருக்கிறாரா?"

இருக்கிறார், ரயில் பாதைக்கு அப்பால், கல்லுக்குக் கீழே.
அப்படிச் சொல்லவில்லை.
போன வருடத்துக்கு முந்தின வருடம் இறந்துபோனார் என்றேன்.
சபையைக் கூப்பிடாமல் அடக்கம் செய்தோம்,
பட்டியலுக்குத் தெரிய வழியில்லை.
பிரிம்ஹாலின் காது சிவந்தது.
குளிராகவும் இருக்கலாம்.

"நாங்கள் ஏதாவது உதவி செய்யலாமா?"

கதவு சாத்துமுன் நுழைக்கிற கடைசிக் கேள்வி.
வேண்டாம் என்பது பதில்.
அதற்கும் சிரித்துப் படியிறங்கப் பழக்கியிருப்பார்கள்.
செய்யலாம் என்றேன்.
மூன்று பேருக்கும் ஆச்சரியம்.

நிலவறையில் கோதுமை.
முப்பத்தெட்டு வாளி.
பஞ்சம் வந்தால், வேலை போனால், உலகம் முடிந்தால் என்று
லவெல் வாங்கி அடுக்கியது.
ஒவ்வொரு மூடியிலும் அவன் கையெழுத்து:
செப்டம்பர் 98.
பஞ்சம் வரவில்லை.
வேலை இரண்டு முறை போனது;
வீம்புக்குக் கடையில்தான் ரொட்டி வாங்கினோம்.
உலகம் ஒரு செவ்வாய்க்கிழமை கராஜில் முடிந்தது.
கோதுமை அப்படியே இருந்தது.

டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தூக்கினார்கள்.
டார்லாவின் கோழிகளுக்கு என்றேன்.
கவ்ஹாட்டா ஒரு மூடியைத் திறந்து
நாலு மணியை வாயில் போட்டு மென்றான்.
"நன்றாகத்தான் இருக்கிறது, சகோதரி."

சகோதரி.
திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன்.
படியில் இடிக்காமல் பார்த்து வா என்றது வாய்.

ஏன் நின்றீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்: சண்டையெல்லாம் இல்லை, பிள்ளைகளே.
ஒரு ஞாயிறு போகவில்லை.
அடுத்த ஞாயிறு அது இன்னும் சுலபமாக இருந்தது.
அந்த முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமையைச் சொல்ல
உங்கள் வயது போதாது.

"ஒரு சின்ன ஜெபம்?"
வேண்டாம்.
சரி என்று கவ்ஹாட்டா குனிந்தான்.
ஷூ கயிற்றைக் கட்டினான்,
ஷூ கயிற்றுக்குத் தேவையானதைவிட நெடுநேரம்.
நான் எதுவும் சொல்லவில்லை.

பிரிம்ஹால் போனை எடுத்தான்.
திரையில் எங்கள் வீடு; கீழே
என்றைக்கோ வந்த எவனோ எழுதிய குறிப்பு:
நாய் கடிக்கும்.
பிக்கிள்ஸ் போய் ஆறு வருடம்.
கடைசியில் அதற்குப் பல்லே கிடையாது,
ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தோம்.

"அவர் பெயரை எடுத்துவிடவா?"
எடு.
"உங்கள் பெயர்?"

ஒரு கடிதம் போதும், தெரியும்.
டிராயரில் இருக்கிறது, எழுதி, ஒட்டி.
அந்த ஸ்டாம்பு ஒட்டியபின் விலை இரண்டு முறை ஏறிவிட்டது.
அதைப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

"நாய்?"

மேசையில் துணிக்கடியில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

நாய் இருக்கட்டும்.