வினா எண் பதினேழு

பாளையங்கோட்டை, மே மாதம், விடைத்தாள் திருத்தும் முகாம்.
மின்விசிறி சுற்றுகிறது. காற்று வேறெங்கோ போகிறது.
காலையில் முப்பது தாள், மதியம் முப்பது.
பதினேழு: அக்ரிஜென்டம் முற்றுகையை விவரி.

எல்லாரும் ஒரே கைடு.
காரணம் நான்கு, போக்கு ஆறு, விளைவு மூன்று.
ரோமர் வந்தனர், சூழ்ந்தனர், வென்றனர்.
சிவப்புப் பேனா பாதித் தூக்கத்தில்
டிக் போட்டுக்கொண்டே போகிறது.

அப்புறம் இந்தத் தாள்.
பெயர் கிடையாது, பொய் எண் மட்டும்.

‘ரெண்டு அகழி வெட்டுனாவ.
உள்ள இருக்கவன் வெளிய வராம ஒண்ணு,
வெளிய இருந்து கார்த்தேஜ் படை வராம ஒண்ணு.
நடுவுல ரோமாக்காரன்.
அப்பம் அவனுந்தான முற்றுகைல கெடந்தான்?’

பேனாவை மூடி வைத்தேன்.

‘உதவிக்கு வந்த யானையும் தோத்துட்டு.
ஊருக்குள்ள அம்பதாயிரம் வாய், அஞ்சு மாசம்.
ஒரு ராத்திரி, கூடைகூடையா வைக்கோல் திணிச்சு
அகழியத் தூத்து
காவலுக்கு இருந்த படை அதுமேல நடந்து போயிட்டு.
என்ன வைக்கோல்னு புத்தகத்துல இல்ல.
புது வைக்கோல்னா வழுக்கும்.
லோடு ஏத்துனவனுக்குத் தெரியும்.

விடிஞ்சு பாத்தா ஊர்க்காரங்க மட்டும் மிச்சம்.
இருபத்தஞ்சாயிரம் பேர வித்தாவ.
தலைக்கு என்ன வெலன்னு போடல.
அதுல ஒரு பொம்பள’

அவ்வளவுதான்.
ள-வின் வால் கோட்டைத் தாண்டி இழுத்திருக்கிறது.
மணி அடித்திருக்கும்,
யாரோ தாளைப் பிடுங்கியிருப்பார்கள்.

தலைமைத் திருத்துநர் தேவாசீர் எட்டிப் பார்த்தார்.
‘பேச்சு வழக்கு. விளைவுன்னு தலைப்பே இல்ல.
ஆறு போடுங்க மேடம்.’
பதினொன்று போட்டேன்.
பக்கத்து மேசை ஸ்டெல்லாபாய் பஜ்ஜியைக் காகிதத்தில் அமுக்கி
எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தாள்.
கட்டைக் கட்டி அரக்கு வைத்தார்கள்.

சாயங்காலம் சமாதானபுரம் சிக்னலில்
பஸ்ஸுக்கு முன்னால் வைக்கோல் லாரி,
ரோட்டை அடைத்துக்கொண்டு, யானைக் கனத்தில்.
கண்டக்டர் வைதார்.
ஜன்னல் வழியாக நாலைந்து தாள்
மடியில் வந்து விழுந்தது.
புதுசு. வழுக்கியது.

அந்தப் பொம்பளைக்கு
ராத்திரி சத்தம் கேட்டிருக்குமா?
எழுந்து வாசல்வரை வந்திருப்பாளா?
நாளைக்கும் அறுபது தாள் இருக்கிறது.
இனி எவள் எழுதப்போகிறாள் மீதியை?