ரெண்டு எண்பதும் கொசுறும்

பைபர் வல்லமும் இஞ்சினும் சேர்த்து
ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் என்று
குந்துகால் கரையில் பேசி முடித்த பிறகுதான்
சீனி நைனா பேரத்தைத் தொடங்கினார்.

நங்கூரம் இதோட சேர்ந்ததுதானே?
சேர்ந்ததுதான்.
கயிறு?
கயிறில்லாமல் நங்கூரத்தை யார் கடலில் போடுவார்.
ஐஸ் பெட்டி?
மூடி உடைந்தது. எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனையை வாங்கிவிட்டுத் துறட்டிக்கு நிற்கிறாரே என்று
மைத்துனன் கிளமென்ஸ் என் காதில் முனகினான்.
விற்றவன் துறட்டிக்கு நிற்பதைத்தான்
பழமொழியாக்கி வைத்திருக்கிறார்கள்.
வாங்கியவனைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.
கறிவேப்பிலைக்குக் காசு கேட்ட காய்க்கடையை
மூன்று மாதம் மிதிக்காதவன் நான்.
டஜன் நண்டு வாங்கினால் பதின்மூன்றாவது
என் கையோடு தானே ஒட்டிக்கொண்டு வரும்.
அவரைச் சொல்ல எனக்கு வாயில்லை.

பிறகு கறுப்புப் பெட்டியைத் தொட்டார்.
ஜிபிஎஸ்ஸா?
அது கணக்கில் வராது, வேண்டுமானால் நாலாயிரம்.
பெட்டி வேணாம் தம்பி,
பெரியபட்டினத்துல வீட்டுல ரெண்டு கிடக்கு.
உள்ள இருக்கறதை மட்டும் தாங்க.

உள்ளே இருபத்து மூன்று புள்ளிகள்.
பதினோரு வருஷம்.
பாதி, வலை கிழிந்து தெரிந்துகொண்டவை.
வட்டிக்காரன்கூட அதைக் கேட்டதில்லை,
கேட்கத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பான்.

மகளின் பள்ளிக்கூட நோட்டை மடியில் விரித்து
பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார்.
சொல்லத் தொடங்கிவிட்டேன்.
ஒன்று, விளமீன்.
ரெண்டு, கணவாய், மாசியில் மட்டும்.
ஐந்தில் கல் கிடக்கிறது, வலையை விட்டுவிடாதீர்கள்.
ஒன்பது கிளமென்ஸ் கண்டுபிடித்தது,
அவனைப் பார்த்தேன்,
எழுதிக்கோங்க என்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பதினேழு?
அங்கே ஒன்றுமில்லை.
நல்ல சரக்கைப் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டு
தீர்ந்துவிட்டது என்கிற கடைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
ஒண்ணுமில்லாததுக்கா நம்பர் போட்டீங்க?

டவர் கிடைக்கும்.
முயல் தீவைத் தாண்டித் தெற்கே போகும்போது
கடைசியாக ஒரு கோடு, சில நாள் ரெண்டு.
அங்கே இஞ்சினை அமர்த்திவிட்டு வீட்டுக்கு அடிப்பேன்.

சிரிப்பார் என்றிருந்தேன்.
பதினேழுக்குக் கீழே ரெண்டு கோடு இழுத்தார்,
நோட்டை மூடிவிட்டுப் பணத்தை எண்ணினார்.

இப்போது மண்டபத்தில் லாரிக்கு ஐஸ் ஏற்றுகிறேன்.
புரட்டாசியில் ஒரு ராத்திரி, ஒன்றரை மணி, போன்.
நைனா பேசுறேன்.
அவர் குரலுக்குப் பின்னால்
வல்லத்தின் வயிற்றில் தண்ணீர் அறைகிற சத்தம்,
ஊருக்கு நூறு வல்லம் இருந்தாலும் எனக்கு அது தெரியும்.

மீன் பட்டதா?
இனிமேத்தான். பதினேழுல நிக்கிறேன்.
வீட்டுக்கு அடிச்சாச்சா?
அடிச்சாச்சு.
ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு, அதான்.

அதற்குமேல் இருவருக்கும் பேச்சில்லை.
கோடு விழுந்து தானே அறுந்தது.

இந்நேரத்துக்கு யாரு, என்றாள் ஜெசிந்தா
தூக்கத்திலேயே.
ஐஸ் பெட்டிக்கு
மூடி கேட்கிறார், என்றேன்.