வியாழக்கிழமைப் பக்கம்

மீனாட்சிபுரம் சாவடியில்
பால் வண்டிகள் பதினேழு நிற்கின்றன.
திருவோணத்துக்கு நாலு நாள்.
நிஷிதா கூப்பிடுகிறாள்:
"சேட்டா, ரிசல்ட் திறக்கலை.
அமுக்கினா சுத்துது, சுத்துது,
அப்புறம் வெள்ளையாயிடுது."

நான் கொழிஞ்சாம்பாறையில்
தவிட்டுக் கடைக்கு மேல் மாடியில்.
இங்கே திறக்கிறது.
என் கணினியில் எப்போதும் எல்லாம் திறக்கும்.
இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்
என்று எண்ணாமலிருப்பது நல்லது.

முதலில் காற்றைச் சந்தேகித்தேன்.
அங்கே டவர் ஒரு நிலையில் நிற்காது,
மேசையில் கேரளம், ஜன்னலோரம் தமிழ்நாடு.
"வயர்லதான் இருக்கேன்" என்றாள்.

அடுத்து எழுத்தை.
கோப்பின் பெயரில் பெரிய எழுத்தொன்று
சின்னதாய்க் குனிந்திருக்கலாம்.
என் விண்டோஸ் கண்டுகொள்ளாது,
சர்வர் முறைத்துக்கொள்ளும்.
போன மாசியில் அதற்கு ஓர் இரவு முழுக்கக் கொடுத்தேன்.
விரல் வைத்து விரல் வைத்துப் பார்த்தேன்.
குற்றமில்லை.

"ஹாரன் அடிக்கிறாங்க சேட்டா."
கேட்கிறது.
குடிமங்கலத்துச் செங்கோடன் வண்டியாம் அது,
நாலு டிகிரியில் புறப்பட்ட பால்
இப்போது ஆறு.

"எஃப் பன்னிரண்டை அமுக்கு.
சிவப்பாய் இருப்பதை வாசி."
எழுத்தெழுத்தாய் வாசித்தாள்:
எதிர்பாராத குறி. கோண அடைப்பு.
முதல் வரி, முதல் இடம்.

நிரல் இருக்கவேண்டிய இடத்தில்
கோண அடைப்புக்கு என்ன வேலை?
அது முகப்புப் பக்கத்தின் முதல் எழுத்தாயிற்றே.

எங்கள் சர்வருக்கு
இல்லை என்று சொல்லத் தெரியாது.
நான்தான் அப்படி வளர்த்தேன்.
எந்த முகவரி கேட்டு யார் வந்தாலும்
முகப்பைக் கொடுத்து உட்காரவைக்கும்,
இருநூறு, எல்லாம் சுகம், என்று
முத்திரையும் குத்தும்.
கொழுப்பளவுத் துண்டு கேட்டு வந்த உலாவியிடம்
வரவேற்புப் பலகையை நீட்டியிருக்கிறது.
அது பலகையைக் கடித்து
முதல் எழுத்திலேயே பல்லுடைந்து கிடக்கிறது.

சரி, துண்டு எங்கே போனது?

"அந்தப் பக்கத்தை எப்போ திறந்தே?"
யோசித்தாள். "வ்யாழாழ்ச்ச."
இன்று செவ்வாய்.
"ஆஃப் பண்ணினா எழும்ப அரைமணி ஆகும்.
அதனால மூடறதே இல்லை."

ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு
புதுப் பதிப்பை ஏற்றியவன் நான்.
துண்டுகளுக்கெல்லாம் பெயர் மாறியது,
கருவி வைக்கும் எட்டெழுத்து வால்,
யாரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காத பெயர்கள்.
இடம் மிச்சமென்று பழையதைத் துடைத்துவிட்டேன்.
வியாழக்கிழமைப் பக்கம்
வியாழக்கிழமைப் பெயரைச் சொல்லித்தானே கூப்பிடும்.
அதற்கு யார் சொன்னார்கள்?

ரீலோட் செய் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
பதினோரு வண்டியின் அளவுகள்
திரையில் சேமிக்காமல் கிடக்கின்றன.
சேமிக்கும் பொத்தானும்
அந்தத் துண்டுக்குள்தான்.

"நோட்டில் எழுதியிருக்கியா?"
சிரித்துவிட்டாள்.
"நோட்டிலதான் எழுதுவேன் சேட்டா.
அப்புறம்தான் உங்க இதுல.
செங்கோடன் அண்ணனுக்கு சீட்டெழுதி
சீல் வெச்சு விட்டாச்சே."
போனுக்குள் ஒரு ஹாரன்
மேற்கே போய்க் குறைந்தது.

காப்பிலிருந்து பழைய துண்டுகளை எடுத்து
இருந்த இடத்திலேயே வைத்தேன்,
இனிப் பதினைந்து நாள் அவை அங்கிருக்கும்.
துண்டு கேட்டு வருபவரிடமாவது
நானூற்று நாலு என்று சொல்ல
சர்வருக்குக் கற்றுக்கொடுத்தேன்.
கிடைக்காவிட்டால் ஒருமுறை பக்கம் தன்னைப் புதுப்பிக்கட்டும்,
தட்டச்சிட்டதை ஒதுக்கி வைத்துவிட்டு.
ஒருமுறைதான்.
கணக்கு வைக்காவிட்டால்
விடியவிடியப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

மணி நாலே முக்கால்.
பதினேழும் எல்லை தாண்டிவிட்டன,
அவள் கையெழுத்தில்.
"இப்போ அமுக்கு."
சுற்றியது.
"வந்நு" என்றாள்.
பின்னால் யாரோ டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
"இனி இதை மூடட்டா சேட்டா?"

வேண்டாம் என்றேன்.
அடுத்த பதிப்பு வெள்ளிக்கிழமை.
அதுவரை திறந்தே கிடக்கட்டும்,
பார்க்கவேண்டும்.