எட்டாவது கிணறு

மாங்காயூற்று கழிய,
கிறவல் ஒழுங்கை முடிகிற இடத்தில் நாற்பது பேர்ச்.
உறுதி என் பெயரில், கடன் அவன் பெயரில்.
முதல் நாள் பாலைமரத்தின் கீழ் பாய் விரித்து
பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.
எறும்புகளும் சாப்பிட்டன.

பிரதேச சபைக்குக் கொடுத்த பிளானில்
வீடு ஒரு தீப்பெட்டி அளவு.
கீறிய பொடியன் மூலையில்
ஒரு தென்னையையும் வைத்திருந்தான்.
எங்களிடம் தென்னை இல்லை.
பிளான் பொய்யாகக் கூடாதென்று
ஒரு தென்னம்பிள்ளை வாங்கி நட்டோம்.

தயாபரன் நைலோன் கயிறு கட்டினான்.
நான் சுண்ணாம்புத் தூள் தூவிக்கொண்டு பின்னால் போனேன்.
இது விறாந்தை. இது படுக்கையறை.
இதில் என் தையல் மெசின், காலை வெளிச்சம் விழ.
அவன் குறுக்காலே உள்ளே வந்தான்.
"சுவருக்குள்ளால நடக்கிறாய்" என்றேன்.
திரும்பிப் போய் வாசலால் வந்தான்,
செருப்பைக் கழற்றிவிட்டு.

குசினியில்தான் சண்டை.
பத்துக்குப் பத்து போதும் என்றான்.
உப்புவெளி வாடகை வீட்டில்
அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே
பதினோரு வருடம் பக்கவாட்டில் நின்று சமைத்தவள் நான்.
கயிற்றை அவிழ்த்து இரண்டடி தள்ளிக் கட்டினேன்.
சாமியறை சுருங்கியது.
சாமி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கிணறு.
பேரின்பமும் இரண்டு பொடியன்களும்
அலவாங்கோடு பதினெட்டு அடி இறங்கினார்கள்.
முதல் வாளியில் தயாபரன் கை வைத்தான்.
எடுத்தான்.
என் கையைப் பிடித்து அதற்குள் வைத்தான்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி
ஒரு சூடு.

"இராவணன் ஏழோட நிப்பாட்டேல்லப் போல,"
கீழேயிருந்து பேரின்பத்தின் குரல்,
"எட்டாவது உங்கட வளவுக்க."
பொடியன்கள் சிரித்தார்கள்.
தயாபரன் சிரிக்கவில்லை.

அன்றிரவு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கணக்குப் பார்த்தான்.
வேறு இடத்தில் தோண்ட எவ்வளவு,
குழாய்க்கிணறு என்றால் எவ்வளவு,
காணியை விற்றால் எவ்வளவு.
மூன்றாவதை மெதுவாகத்தான் சொன்னான்.
எனக்குக் கேட்டது.
என் காப்பு நாலும் அந்த நிலத்துக்குள் இருக்கின்றன,
எவ்வளவு தோண்டினாலும் மேலே வராது.

கிண்ணியாவிலிருந்து நஸ்றுதீன் மேசன் வந்தார்.
வாளியைப் பார்த்தார்.
வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.
"சுடுதண்ணில கொழைச்சா சீமெந்து அவசரப்படும், தங்கச்சி.
கரண்டி வைக்க முந்தி இறுகும், பிறகு வெடிக்கும்.
ராவைக்கு அள்ளி பரல்ல ஊத்தி வெச்சிருங்க.
விடிய நான் கொழைக்கிறன்."

அப்படித்தான் வேலை நடந்தது.
பொழுது பட்டதும் நாலு நீலப் பரல்.
அவன் இழுத்தான், நான் ஊற்றினேன்,
கை நோக நான் இழுத்தேன், அவன் ஊற்றினான்.
பேச்சில்லை.
ஆவி இருட்டில் தெரியாது,
குனிந்தால் முகத்தில் தெரியும்.
விடிய மூடியைத் திறந்தால்
தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்,
மேலே இரண்டு பாலையிலை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ,
கடைசி வாளியை அவன் பரலில் ஊற்றவில்லை.
"இரு" என்றான்.
மெசின் மிதித்து வீங்கிய என் காலில்
மெல்ல மெல்ல ஊற்றினான்.
கணுக்காலில் காய்ந்திருந்த சாம்பல் நிறம் கரைந்து
அத்திவாரக் கிடங்குக்குள் இறங்கியது.
"குளிக்கிற இடத்தக் கொஞ்சம் பெருசாக் கட்டுவமோ?"
எதிலிருந்து எடுப்பது என்று கேட்டேன்.
குசினிப் பக்கம் பார்த்தான்.
நான் அவனைப் பார்த்தேன்.
"சரி, விறாந்தையில" என்றான்.

நிலை வைத்தாயிற்று.
கூரைக்குத் தையில் சீட்டு விழவேண்டும்.
தென்னம்பிள்ளை ஒரு ஓலை விட்டிருக்கிறது.
பார்க்க வருகிற சனம் சுவரைப் பார்ப்பதில்லை.
நேரே கிணற்றடிக்குப் போய்
வாளியில் கை வைத்து, வெடுக்கென்று எடுக்கிறது.
பக்கத்தில் தயாபரன்,
கீழே இறங்கி அடுப்பு மூட்டிவிட்டு வந்தவன் மாதிரி நின்று
"எப்பிடி?" என்று கேட்கிறான்.