சீட்டு விழும்வரை

என் போனுக்கு இடது ஓரம் செத்து மூன்று மாதம்.
அந்த ஓரத்தில்தான் ஆ இருக்கிறது,
துணைக்காலும் அதே கட்டையில்.
யார்டு சூப்பர்வைசர் கேட்பார்:
நாற்பதடிப் பெட்டி நாலும் இறங்கிடுச்சா?
ஆமா என்று எழுத வழியில்லை.
சரி என்று அனுப்புவேன்.
சரின்னா?
மறுபடியும் சரி.
இப்படியே எதற்கெல்லாம் சரி சொல்லியிருக்கிறேன் பாருங்கள்,
தீபாவளிக்கு மறுநாள் நைட் ஷிஃப்ட் உட்பட.

சீட்டு பங்குனியில் விழும்.
இப்போதே எடுத்தால் தள்ளு அதிகம், கைக்கு ஒன்றும் நிற்காது.
விழுந்ததும் புதுசு, கடையில் பெட்டியோடு.
அதுவரைக்கும் ஒன்று,
மழைக்கு ஒதுங்குகிற வாசல் மாதிரி,
போதும் என்றுதான்
வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்பினோம்
நானும் டெல்பினாவும்.

இரண்டு நைட்டிக் கடைக்கு நடுவே
மாடிப்படிக்குக் கீழே நிஜாம் கடை.
மீன்பாடி வண்டி ஒன்று முதுகை உரசிக்கொண்டு போனது.
கண்ணாடி மேல் மூன்றை எடுத்து வைத்தான்.
முதலாவதுக்குக் கேமரா பிரமாதம்,
பின்பக்கம் லேசாக உப்பியிருந்தது.
வாயும் வயிறுமா கீது, வோணாம், என்றாள் டெல்பினா.
இரண்டாவதுக்குப் பில் கேட்டோம்.
மச்சான் வீட்ல கீது.
யாரு மச்சான்?
அது பேசாமல் டிராயருக்குள் திரும்பிப் போனது.

டெல்பினா காசிமேட்டுக்காரி.
செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எதையும் வாங்கியதில்லை.
மூன்றாவதின் சார்ஜர் துளைக்குள் டார்ச் அடித்தாள்,
ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்,
காதோரம் வைத்துக் குலுக்கினாள்,
என் சிம்மைப் போட்டு அவள் நம்பருக்கு அடித்து
என் எதிரிலேயே நின்று
கேக்குதா கேக்குதா என்று கத்தினாள்.
நைட்டிக் கடைக்கும் கேட்டது.

வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தபோதுதான் பார்த்தோம்.
மேலே மங்கலாக ஒரு பட்டை,
கீழே வட்டப் பொத்தான்,
நடுவில் வளைந்து வளைந்து ஒரு கோடு,
துவைத்தும் போகாத கறைபோல.
இன்னாது இது?
சாப்பாடு எடுத்துனு போற பையன் வச்சிருந்தது.
நாளெல்லாம் வெயில்ல, வண்டி ஹேண்டில்ல, மேப்பு ஓடிக்கினே இருக்கும்,
அப்டியே படிஞ்சிடுச்சு.
ஒன்னியும் பண்ணாது. முந்நூறு கொறச்சிக்கோ.
அறுநூறு, என்றாள் டெல்பினா.

பணத்தை எண்ணும்போது கேட்டேன்:
இப்போ இன்னா வச்சிருக்கான் அந்தப் பையன்?
புதுசு எடுத்துட்டான்.
இத்தையும் டெம்ப்ரவரியாத்தான் வாங்கினான்,
மூணு வருசம் ஓட்டிட்டான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் அடையாள அட்டையிலும் தற்காலிகம் என்றுதான் போட்டிருக்கிறது,
ஆறு வருடமாக.
லேமினேஷன் கெட்டி.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
துறைமுகத்துப் பெட்டி ரயில், நகர்ந்தும் நகராமலும்.
எண்ணுவது பழக்கம், பதினேழில் விட்டேன்:
மடியில் ஒரு துடிப்பு.
ஞாயிறு நைட்டும் நீயே பாத்துக்க, என்றிருந்தார்.
கட்டைவிரல் ‘ச’வுக்குப் போய்த் திரும்பியது.

அப்போதுதான் உறைத்தது:
மாட்டேன், வேண்டாம், முடியாது,
ஒவ்வொன்றும் எங்காவது ஒரு காலை ஊன்றித்தான் நிற்கிறது.
மூன்று மாதமாக என்னிடம் அது இல்லை.

மு.
டி.
யா.
இடது ஓரம் தொட்டதும் கேட்டது,
பச்சைப்பிள்ளை மாதிரி.
எழுத்துக்கு அடியில்
யாரோ ஒரு பையன் போன தெரு வளைந்துகொண்டிருந்தது.

அனுப்பினேன்.
கேட் தூக்கும் மணி அடித்தது,
எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் உறுமின.
ஏறு ஏறு என்றாள் டெல்பினா.
ஒரு காலைப் போட்டு ஏறுவதற்குள்
பதில் வந்துவிட்டது:

இந்த போன் யார் கையில் இருக்குது?